தோட்டக் குழாயும் குடிநீரும்

நிலத்தில் ஓடும் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கிப் பாயும். குழாயில் அடைபட்ட தண்ணீரோ அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கிப் பாயும். இதனை அறிந்தவர்க்கு, குழாய்த் தண்ணீர் எப்போதும் ஒரே திசையில்தான் செல்லும் என்னும் நம்பிக்கை ஆதாரமற்றது என்பது விளங்கும். தெருக்குழாயிலிருந்து வீட்டுக்கு வந்த தண்ணீர், அழுத்தம் மாறிய மாத்திரத்தில் வீட்டிலிருந்து தெருவுக்குத் திரும்பவும் கூடும். அவ்வாறு திரும்புகையில், செடிப் பாத்தியில் கிடந்த சேற்று நீரையோ, உரத் தொட்டியிலுள்ள கரைசலையோ, சாய அண்டாவிலுள்ள காஸ்டிக் நீரையோ தன்னுடன் இழுத்துச் செல்லும். இதற்கு நீர்ப் பின்னோட்டம் என்று பெயர்.

இப்பின்னோட்டம் எவ்வாறு நிகழ்கிறது, அதனைத் தடுக்க விதிகள் கூறுவன யாவை, நம் வீட்டிலும் தறிக்கொட்டகையிலும் தோட்டத்திலும் சிக்கனமாகச் செய்யத்தக்கது என்ன என்பவற்றை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

பின்னோட்டத்திற்குரிய இரு காரணங்கள்

முதலாவது, பின்னுறிஞ்சல். மண்ணெண்ணெய் டின்னிலிருந்து ரப்பர் குழாய் வழியே எண்ணெயை இறக்குவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். குழாயின் ஒரு முனை எண்ணெயில் மூழ்கி, மறுமுனை தாழ்ந்திருந்தால், ஒரு முறை உறிஞ்சிவிட்ட பிறகு எண்ணெய் தானாகவே ஓடிவரும். பள்ளிப் பாடத்தில் இதனை வடிகுழாய் என்பர். தெருக்குழாயில் தண்ணீர் நின்று, குழாய் காலியாகும்போது அதனுள் வெற்றிடம் உண்டாகிறது. அச்சமயம் ஒரு வீட்டுத் தோட்டக் குழாயின் முனை தொட்டி நீரில் மூழ்கிக் கிடந்தால், அத்தொட்டி நீர் தெருக்குழாய்க்குள் இழுக்கப்படும். முழு வெற்றிடமானால் காற்றின் அழுத்தம் தண்ணீரைச் சுமார் 10 மீட்டர் உயரம் வரை ஏற்றவல்லது. ஆகவே தோட்டம் தாழ்வாக இருக்கிறது, தண்ணீர் மேலேறாது என்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது.

இரண்டாவது, எதிரழுத்தம். வீட்டில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஓடுகிறது. அதன் குழாயும் நகராட்சிக் குழாயும் ஏதோ ஓரிடத்தில் இணைந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரின் அழுத்தம் தெருக்குழாயின் அழுத்தத்தை விட மிகுந்திருந்தால், கிணற்று நீர் தெருக்குழாய்க்குள் புகுந்துவிடும். பத்து மீட்டர் உயரத்திலுள்ள தொட்டி நீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோகிராம் அழுத்தம் தரும். நம் ஊர்த் தெருக்குழாய்களில் பல வேளைகளில் இவ்வளவு அழுத்தமும் இருப்பதில்லை. குடிநீர்க் குழாயை மற்றெந்த நீர்க் குழாயுடனும் இணைப்பதைக் குறுக்கிணைப்பு என்பர்.

இடைவிடாமல் தண்ணீர் வரும் ஊர்களில் தெருக்குழாய் வெறுமையாவது தீ விபத்து, குழாய் உடைப்பு போன்ற அபூர்வமான வேளைகளில்தான். முறை வைத்துத் தண்ணீர் விடும் நம் ஊர்களிலோ, ஒவ்வொரு முறை தண்ணீர் நிற்கும்போதும் குழாய் வெறுமையாகிறது. பிற நாட்டார்க்கு எப்போதோ நேரும் அபாயம் நமக்கு வழக்கமான நிகழ்ச்சி என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

நம் பகுதியின் தனி நிலைமை

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலால் புகழும் பிழைப்பும் பெற்றவை. 2019ஆம் ஆண்டு பழைய வேலூர் மாவட்டம் வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை என மூன்றாகப் பிரிந்தபோதிலும், பாலாற்றங்கரை மக்களின் நீர்ப் பிரச்சினை ஒன்றேயாகும். தோலைப் பதனிட உப்பும், சுண்ணாம்பும், குரோமிய உப்புகளும், இன்னும் பல இரசாயனப் பொருள்களும் உபயோகமாகின்றன. பல்லாண்டுகள் சுத்திகரிக்கப்படாமல் வெளியேறிய கழிவு நீர் நிலத்தடி நீரைக் கெடுத்தது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் பாடமாகப் பயிலப்படுவது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், கேடு நேருமுன் காத்தல் வேண்டும் என்னும் இரு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என அத்தீர்ப்பு நிலைநாட்டியது. தோல் தொழிற்சாலைகள் மிகுந்த இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனது என்னும் ஆய்வுக் கணக்கும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்ட பின்னரும் குறை முற்றும் தீரவில்லை. 2025ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கவும், நிலைமையைக் கண்காணிக்கக் குழு அமைக்கவும் ஆணையிட்டது.

இவ்வரலாற்றுக்கும் தோட்டக் குழாய்க்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. நம் வீடுகள் பலவற்றில் இரண்டு வகைத் தண்ணீர் இருக்கிறது. ஒன்று, குடிப்பதற்கும் சமைப்பதற்கும் உரிய நகராட்சி அல்லது கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர். மற்றொன்று, துவைக்கவும் கழுவவும் செடிகளுக்கு விடவும் உபயோகமாகும் ஆழ்துளைக் கிணற்று உப்பு நீர். நல்ல தண்ணீர் வராத நாளில் உப்பு நீரையும், உப்பு நீர் வற்றிய நாளில் நல்ல தண்ணீரையும் ஒரே குழாயில் விட வசதியாக, இரண்டையும் ஒரு கேட் வால்வு வைத்து இணைத்துவிடுவோர் உளர். தோட்டத்திற்குப் போகும் குழாயில்தான் இவ்விணைப்பு பெரும்பாலும் அமைகிறது. அந்த ஒரு வால்வு சரியாக மூடாமற்போனால், கிணற்று நீர் குடிநீரில் கலப்பதைத் தடுக்க வேறெதுவும் இல்லை.

இந்திய தர நிர்ணய அமைவனம் 2012இல் வெளியிட்ட குடிநீர்த் தர விதி, மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேலும், நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கு மேலும் இருத்தலாகாது எனக் கூறுகிறது. கரைந்த உப்புகள் 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம். வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீரைக் காய்ச்சினால் கிருமிகள் மடியும். உப்பும், குரோமியமும், நைட்ரேட்டும் போகா. நீர் ஆவியாவதால் அவற்றின் அளவு சற்று மிகவும் செய்யும். ஆகவே காய்ச்சிக் குடிக்கிறோம் என்னும் தைரியம் இவ்விஷயத்தில் பயன்படாது.

பிற நாடுகள் கற்ற பாடம்

1933ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அதனைக் காண வந்தோர் தங்கிய இரு ஹோட்டல்களில் குடிநீர்க் குழாய்களும் கழிவுநீர்க் குழாய்களும் பழுதான இணைப்புகளால் கலந்தன. அதனால் பரவிய அமீபாச் சீதபேதியில் ஏறக்குறைய 1,400 பேர் நோயுற்றனர். 98 பேர் மாண்டனர். குழாய் வேலையின் குறையும் உயிரைக் குடிக்கும் என்பதற்கு இது பெரியதோர் எடுத்துக்காட்டு.

தோட்டக் குழாயினாலேயே நேர்ந்த விபத்து ஒன்றும் உண்டு. 1969ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டர் நகரிலுள்ள ஹோலி கிராஸ் கல்லூரியின் கால்பந்து அணியினர் ஆண்டுப் பயிற்சியில் ஈடுபட்டிருந்தனர். மைதானத்துப் புல்லுக்கு நீர் தெளிப்பதற்காகத் தரைக்குள் பதித்த குழிகளில் குழாய் முனைகள் இருந்தன. அருகில் குடியிருந்த சில குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை கண்டிருந்தது. அவர்கள் அக்குழிகளருகே விளையாடினர். நகரில் ஓரிடத்தில் தீப்பற்றவே, தீயணைப்போர் பெருமளவு நீரை இழுத்தனர். குழாயில் அழுத்தம் தாழ்ந்தது. குழிகளில் தேங்கியிருந்த அசுத்த நீர் குழாய்க்குள் உறிஞ்சப்பட்டு, விளையாட்டு வீரர்கள் குடித்த நீரில் கலந்தது. அணியைச் சேர்ந்த 97 பேரில் 90 பேருக்கு நோய் தொற்றியது. இரண்டே ஆட்டங்களுடன் அவ்வாண்டுப் போட்டிகள் கைவிடப்பட்டன.

இங்கே யாரும் வேண்டுமென்று தவறு செய்யவில்லை. குழாய் முனை குழியில் மூழ்கியிருந்ததும், தெருவில் அழுத்தம் குறைந்ததும் ஒரே வேளையில் கூடின, அவ்வளவே. நம் வீட்டுத் தென்னம்பாத்தியில் ஹோஸ் குழாயைப் போட்டுவிட்டு உள்ளே போகும்போது முதல் நிபந்தனையை நாம் நிறைவேற்றிவிடுகிறோம். தண்ணீர் நின்றதும் இரண்டாவதும் நிறைவேறுகிறது.

விதிகள் கூறுவன

அமெரிக்க ஊர்கள் பலவற்றில் வீட்டுப் புல்தரைக்கு நீர் தெளிக்கும் குழாயமைப்பில் பின்னோட்டத் தடுப்புக் கருவி இல்லாவிடில் அனுமதி கிடையாது. எளிய கருவி, வெற்றிட முறிப்பான் என்பதாகும். குழாயில் வெற்றிடம் உண்டானவுடன் இது வெளிக்காற்றை உள்ளே விட்டு, உறிஞ்சும் சக்தியை முறித்துவிடும். மிக எளிய வகையை, அது காக்கும் குழாய்களின் மிக உயர்ந்த நீர்வாயைக் காட்டிலும் 6 அங்குலம் மேலேயும், அழுத்தம் தாங்கும் வகையை 12 அங்குலம் மேலேயும் பொருத்துவது அங்குள்ள வழக்கம். இவை எதிரழுத்தத்தைத் தடுக்கமாட்டா. குழாயில் உரமோ மருந்தோ கலக்கும் இடங்களில், இரண்டு திரும்பா வால்வுகளும் அவற்றிடையே கசிவை வெளியேற்றும் வாயும் கொண்ட உயர்தரக் கருவி வேண்டும் என்பர். இத்தகைய கருவிகளை ஆண்டுதோறும் பயிற்சி பெற்றோர் சோதிக்க வேண்டும் என்பதும் பல ஊர்களின் விதி.

நம் நாட்டில், கட்டடங்களுக்குள் நீர் வழங்குவது பற்றிய இந்தியத் தர விதி ஐ.எஸ். 2065 என்பதாகும். இதன் 1983ஆம் ஆண்டுப் பதிப்பு இரு செய்திகளைத் தெளிவாகச் சொல்கிறது. முதலாவது, நல்ல தண்ணீர்க் குழாய்க்கும் அசுத்த நீர்க் குழாய்க்கும் குறுக்கிணைப்பு எவ்வகையிலும் கூடாது. இரண்டாவது, தொட்டியிலிருந்தோ வேறு சாதனத்திலிருந்தோ நீர் பின்வாங்கி வர இடமில்லாதபடி குழாய்களை அமைக்க வேண்டும். இதற்குத் திரும்பா வால்வை நம்பியிருத்தல் ஆகாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பும் இக்கொள்கையையே பின்பற்றுகிறது. அத்தொகுப்பு உள்ளாட்சிகளும் கட்டுவோரும் ஏற்று நடப்பதற்குரிய முன்மாதிரி. தோட்டக் குழாயெனத் தனியே பெயர் சுட்டாவிடினும், குடிநீர்க் குழாயிலிருந்து பிரியும் எந்தக் கிளைக்கும் இக்கொள்கை பொருந்தும்.

கடைக்காரர் என்.ஆர்.வி. என்று கொடுக்கும் திரும்பா வால்வை ஏன் நம்பக்கூடாது? அதனுள் இருப்பது ஒரு மூடி அல்லது சுருள்வில் மட்டுமே. மணற்பொடி ஒன்று அதன் இருக்கையில் சிக்கினாலும் மூடி முழுதும் படியாது. நம் பகுதிக் கிணற்று நீரிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் மூடியில் படிந்து கெட்டியாகும். வால்வு பழுதானதை வெளியிலிருந்து காணவும் வழியில்லை. திரும்பா வால்வு நல்ல உதவியாளர்; காவற்காரர் ஆகமாட்டார்.

காவல் எது? காற்றிடைவெளி. குழாயின் வாய்க்கும் தொட்டியின் விளிம்புக்கும் இடையே வெற்றுக் காற்று இருக்குமானால், தண்ணீர் மேலேறித் திரும்ப வழியே இல்லை. குழாயின் உள்விட்டத்தைப் போல் இரு மடங்கு, எப்படியும் ஓர் அங்குலத்திற்குக் குறையாத இடைவெளி வேண்டும் என்பது பல நாடுகளில் பரவலாகக் கையாளப்படும் அளவு. அரை அங்குலக் குழாய்க்கு ஓர் அங்குலம்; முக்கால் அங்குலக் குழாய்க்கு ஒன்றரை அங்குலம். இதற்குச் செலவில்லை, தேய்மானமில்லை, பழுதுபார்க்கும் வேலையும் இல்லை.

செயலில் கொள்ள வேண்டியவை

வீட்டுத் தோட்டம்: குடிநீர்க் குழாயில் நேரே ஹோஸைச் செருகிச் செடிக்கு விடுவதைக் காட்டிலும், தோட்டத்திற்கெனத் தனித் தொட்டி ஒன்றை வைத்து, அதன் விளிம்புக்கு மேலிருந்து நீர் விழும்படி செய்து, அதிலிருந்து எடுத்துப் பாய்ச்சுவது சிறந்தது. ஹோஸ் வைத்தே தீர வேண்டுமாயின், குழாய் முகப்பில் சிறிய வெற்றிட முறிப்பான் ஒன்றைப் பொருத்துக. வேலை முடிந்ததும் ஹோஸைக் கழற்றிச் சுவரிலுள்ள கொக்கியில் மாட்டுக. தரையடித் தொட்டியில் நகராட்சி நீர் விழும் குழாயின் வாய், நிரம்பி வழியும் வாயைக் காட்டிலும் மேலே இருத்தல் வேண்டும். உப்பு நீருக்கும் நல்ல நீருக்கும் தொட்டிகள் வேறு, குழாய்கள் வேறு, மோட்டார்கள் வேறு என்பதே பாதுகாப்பான ஏற்பாடு. குழாய்களுக்கு வெவ்வேறு வண்ணம் பூசுவதால், பின்னால் வரும் குழாய் வேலைக்காரர் மயங்கி இணைத்துவிடுவது தவிரும்.

நெசவாளர் வீடு: குடியாத்தம் முதலிய ஊர்களில் வீட்டிலோ வீட்டை அடுத்தோ நூலுக்குச் சாயமேற்றுவோர் உண்டு. சாய அண்டாவில் காஸ்டிக் சோடாவும், ஹைட்ரோசல்பைட்டும், சாயப் பொருளும் கரைந்திருக்கும். நீர் நிரப்புவதற்காக ரப்பர் குழாயை அண்டாவுக்குள் தொங்கவிடுவது எளிய பழக்கம்; ஆனால் அதுவே மிகக் கெட்ட பழக்கம். அண்டாவின் விளிம்புக்கு மேல் குழாய் வாய் நிற்கும்படி சுவரில் நிலையாகப் பொருத்திவிட்டால் கவலையில்லை. நூல் வெளுக்கும் தொட்டிக்கும் இதுவே விதி.

சொட்டுநீர்ப் பாசனம்: கத்தரி, தென்னை, மா முதலிய பயிர்களுக்குச் சொட்டுநீர் அமைத்தோர் வெஞ்சுரி வழியே உரம் கலக்கின்றனர். மின்சாரம் திடீரென நின்றால், குழாயிலுள்ள நீர் கிணற்றை நோக்கித் திரும்பும். உரக் கரைசலும் உடன் செல்லும். தொட்டி குழாயை விட உயரத்தில் இருந்தால் அபாயம் இன்னும் மிகுதி. யூரியாவும் பொட்டாசியம் நைட்ரேட்டும் குடிநீர்க் கிணற்றில் இறங்கினால் நைட்ரேட் பெருகும். புட்டிப் பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அது உயிர் அபாயம் தரவல்லது. ஆகவே பம்பை அடுத்துத் திரும்பா வால்வும், பம்புக்கும் அவ்வால்வுக்கும் நடுவே காற்றை உள்ளே விடும் வால்வும், கசிந்ததை வடிக்கும் சிறு வாயும் அமைக்க வேண்டும். அமெரிக்காவில் பாசனக் குழாயில் பூச்சிமருந்து கலப்போர்க்கு இத்தகைய சாதனங்கள் 1987ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்டன. பம்பு நின்றவுடன் மருந்து செலுத்துவதும் நிற்கும்படியான இணைப்பும் அவற்றுள் ஒன்று. உரம் விட்டு முடிந்ததும் வெஞ்சுரியின் வால்வை மூடிச் சிறிது நேரம் வெறும் நீரை ஓடவிட்ட பிறகே மோட்டாரை நிறுத்துக. நகராட்சிக் குடிநீர்க் குழாயில் வெஞ்சுரியை ஒருபோதும் வைக்கலாகாது.

தெருக்குழாயில் மோட்டார்: நகராட்சிக் குழாயில் நேரே மோட்டாரை வைத்து உறிஞ்சுவது சட்ட விரோதம் என்பதும், அத்தகைய மோட்டார்கள் பறிமுதல் செய்யப்படுவதும் யாவரும் அறிந்ததே. அண்டை வீட்டார்க்குத் தண்ணீர் குறையும் என்பது அதன் ஒரு தீமை. உறிஞ்சும் வேகத்தில் தெருக்குழாயில் வெற்றிடம் உண்டாகி, அடுத்த வீட்டுப் பாத்தியிலும் உடைந்த மூட்டருகே தேங்கிய சாக்கடையிலும் உள்ள நீர் உள்ளே வருவது மற்றொரு தீமை. அதனை முதலில் குடிப்பவரும் மோட்டார் வைத்தவரே.

வீட்டிலேயே செய்யத்தக்க இரு சோதனைகள்

முதற் சோதனை, குறுக்கிணைப்பைக் கண்டுபிடிப்பதற்கு. நகராட்சி இணைப்பு வீட்டுக்குள் நுழையும் இடத்திலுள்ள வால்வை மூடுக. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை ஓட விடுக. பிறகு, எத்தொட்டியின் வழியும் வராமல் நேரே நகராட்சிக் குழாயிலிருந்து வரும் குடிநீர்க் குழாயைத் திறந்து பார்க்க. அதில் தேங்கியிருந்த சிறிதளவு நீர் வடிந்த பிறகும் தண்ணீர் தொடர்ந்து வந்தால், இரு குழாய்களும் எங்கோ இணைந்திருக்கின்றன என்பது உறுதி.

இரண்டாம் சோதனை, பின்னுறிஞ்சலை அறிவதற்கு. தெருவில் தண்ணீர் நின்ற சற்று நேரத்தில், ஒரு தம்ளர் நிறைய நல்ல நீர் எடுத்து, குழாயின் வாய் அதில் மூழ்கும்படி பிடித்துக் குழாயைத் திறக்க. தம்ளர் நீர் உள்ளே இழுக்கப்பட்டால், உங்கள் தெருக்குழாய் அவ்வேளையில் உறிஞ்சுகிறது என்று அறிக. இழுக்காவிட்டால் அன்று வெற்றிடமில்லை என்பதே பொருள், என்றுமில்லை என்பதன்று.

சங்கத்தின் கடமை

தெருக்குழாய் ஒருவருக்கு உரியதன்று. நூறு வீட்டார் சரியாக நடந்துகொண்டு ஒருவர் மட்டும் அசிரத்தையாக இருந்தாலும், அந்த ஒருவரின் தொட்டி நீர் நூறு வீட்டுக்கும் செல்லும். தனி மனித முயற்சியால் முடியாததை ஒன்றுகூடிச் செய்வதற்கென்றே கூட்டுறவு ஏற்பட்டது. வெற்றிட முறிப்பான், காற்று வால்வு முதலியவற்றைச் சங்கம் மொத்தமாக வாங்கினால் விலை குறையும். நம்பகமான குழாய் வேலைக்காரர் ஒருவரைக் கொண்டு ஆண்டுக்கு ஒரு முறை அங்கத்தினர் வீடுகளைப் பார்வையிடச் செய்யலாம். கரைந்த உப்பை அளக்கும் சிறு கருவி ஒன்றைச் சங்க அலுவலகத்தில் வைத்து, மாதந்தோறும் குடிநீரைச் சோதித்துப் பதிவேட்டில் குறித்து வரலாம். ஒரு தெருவின் அளவு திடீரென உயர்ந்தால், அங்கே எங்கோ உப்பு நீர் கலக்கிறது என்று ஐயுற்று, நகராட்சிக்கு உடனே எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

பாலாற்று நீர் கெட்டதற்குப் பிறரைப் பொறுப்பாக்கி நீதிமன்றம் வரை செல்வதற்கு நமக்கு உரிமை உண்டு. அவ்வுரிமையை நம் மக்கள் நிலைநாட்டியும் காட்டினர். நம் வீட்டுக் குழாய் முனையில் ஓர் அங்குல இடைவெளி விடுவதற்கோ எந்த நீதிமன்றத்தின் ஆணையும் வேண்டியதில்லை.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. பின்னுறிஞ்சலுக்கும் எதிரழுத்தத்திற்கும் உள்ள வேறுபாடு யாது? உங்கள் வீட்டில் எது நிகழக்கூடும்?

2. திரும்பா வால்வு இருந்தும் காற்றிடைவெளி ஏன் வேண்டும்?

3. முக்கால் அங்குலக் குழாய் சாயத் தொட்டியின் விளிம்புக்கு எவ்வளவு மேலே நிற்க வேண்டும்?

4. உரம் கலக்கும்போது மின்சாரம் நின்றால் கிணற்றுக்கு என்ன நேரும்? அதனைத் தடுக்க உங்கள் குழாய் முகப்பில் என்னென்ன இருக்கின்றன, எவை இல்லை?

5. மேற்சொன்ன இரு சோதனைகளையும் செய்து, அடுத்த கூட்டத்தில் முடிவைக் கூறுக.